இறங்க மாட்டேங்குது

காப்பிக்கொட்டையை முழுசாக வாங்கி, வீட்டிலேயே அவ்வப்போது அரைத்துக் குடிக்கத் தொடங்கியவர்கள் ஆறேழு மாதத்துக்குள் ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிடுகிறார்கள்: “இதுக்கப்புறம் பழைய காப்பி இறங்க மாட்டேங்குது.” அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர் சொன்னார். கல்லூரித் தோழன் சொன்னான். நானும் பல தடவை சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது குரலில் ஒரு வருத்தம் இருக்கும். அதற்கு அடியில் கொஞ்சம் பெருமையும் இருக்கும்.

அந்த வாக்கியத்தின் இலக்கணத்தைக் கவனியுங்கள். எழுவாய் காப்பி. காப்பிதான் இறங்க மறுக்கிறது. தொண்டை பாவம், அதுபாட்டுக்குச் சும்மா இருக்கிறது. இம்மானுவேல் காண்ட் 1790இல் வந்த நூலில் கனரித் தீவு ஒயினை உதாரணம் காட்டுகிறார். ‘இது இனிமையானது’ என்று ஒருவர் சொன்னால், ‘எனக்கு’ என்று சேர்த்துச் சொல்லும்படி இன்னொருவர் திருத்தலாம், அவரும் தகராறு செய்யாமல் ஒப்புக்கொள்வார் என்கிறார். பழைய காப்பி விஷயத்தில் அந்த ‘எனக்கு’ அவ்வளவு சுலபமாக வந்து ஒட்டுவதில்லை. திருத்தச் சொன்னால், “இல்லல்ல, நிஜமாவே அது நல்லா இல்லை, நீயும் ஒரு மாசம் இதைக் குடிச்சுப் பாரு” என்றுதான் பதில் வரும்.

நல்ல கொட்டையைத் தேர்ந்தெடுக்கக் கற்றுக்கொண்டபோது என் ருசி உயர்ந்ததா, வெறுமனே இடம் மாறியதா? இதை எப்படித் தெரிந்துகொள்வது? தெரிந்துகொள்ளவே முடியாது என்றால் அந்தப் பெருமையை எங்கே கொண்டுபோய் வைப்பது?

முதலில் கொட்டையைப் பற்றி. முழுக் கொட்டையாக வாங்கச் சொல்வதில் மர்மம் ஒன்றும் கிடையாது. ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸில் வறுபடும்போது கொட்டைக்குள் நூற்றுக்கணக்கான மணப்பொருட்கள் உண்டாகின்றன. கூடவே கரியமில வாயுவும் நுண்துளைகளில் அடைபட்டுக்கொள்கிறது. கொட்டை முழுசாக இருக்கும்வரை இதெல்லாம் மெதுவாகத்தான் வெளியேறும். அரைத்தால் மேற்பரப்பு பலமடங்கு பெருகி, மணம் நிமிஷக்கணக்கில் பறக்கத் தொடங்குகிறது. அரைக்கும்போது வீடு முழுக்கக் கமகமவென்று இருக்கிறதே, அதெல்லாம் டம்ளருக்கு வராமல் போன மணம்தான். வறுத்த சில நாட்களுக்கு வாயு வெளியேறிக்கொண்டே இருப்பதால்தான் பையில் ஒருவழி வால்வு வைக்கிறார்கள். ஆகவே பையில் பார்க்க வேண்டிய முதல் விவரம் வறுத்த தேதி. காலாவதித் தேதி மட்டும் போட்டு வறுத்த தேதி போடாத பையை நான் எடுப்பதில்லை. கோப்பைக்கு 15 கிராம் என்றால் கால் கிலோவில் 16 கோப்பை வரும். ஒருவருக்கு இரண்டு வாரம். அதற்கு மேல் வாங்கி வைப்பதில் லாபமில்லை.

மற்ற விவரங்கள் கொஞ்சம் படிப்பு கேட்பவை. தோட்டத்தின் பெயர். மலை: பாபா புதன்கிரி, குடகு, அரக்கு, ஏற்காடு, பழனி மலையில் தாண்டிக்குடிப் பக்கம். கடல்மட்டத்திலிருந்து உயரம். செடி வகை: எஸ்.795, செலக்‌ஷன் 9, சந்திரகிரி. பழத்தின் சதையை நீக்கிக் கழுவி உலர்த்தியதா, பழத்தோடு அப்படியே வெயிலில் காயவைத்ததா. வறுவல் இளசா, நடுத்தரமா, கறுப்பா. கடைசியாக, சின்ன எழுத்தில், ‘ஆரஞ்சு, மல்லிகை, வெல்லம்’ என்று மூன்று சொற்கள்.

இதெல்லாம் ஏதோ புதிதாக வந்த விவரம் பிடித்தவர்களின் உலகம் என்று நினைத்தால் தவறு. ஊரில் காப்பிப்பொடிக் கடைக்குப் போனவர்களுக்குத் தெரியும், அங்கேயும் தேர்ந்தெடுத்தல்தான். “பீபெரி பாதி, பிளான்டேஷன் ஏ பாதி, நூத்துக்கு இருபது சிக்கரி, கொஞ்சம் ஏறவே வறுங்க.” பழத்துக்குள் இரண்டு விதைக்குப் பதிலாக ஒன்றே ஒன்று உருண்டு திரண்டால் பீபெரி; கழுவிய அராபிகாவில் பெரிய அளவுக் கொட்டை பிளான்டேஷன் ஏ. அந்தப் பேச்சில் தோட்டத்தின் பெயர் மட்டும் இருக்காது. அதற்குக் காரணம் உண்டு. இரண்டாம் உலகப்போரில் ஐரோப்பியச் சந்தை அடைபட்டபோது 1942இல் காப்பிச் சட்டம் வந்தது. விளைந்த காப்பியைக் காப்பி வாரியத்தின் பொதுக் குவியலில் சேர்த்தாக வேண்டும். வாரியம் ஏலம் விடும். விவசாயிக்குத் தரத்தின் புள்ளிக்கணக்கில் பணம். எந்த மலையின் எந்தச் சரிவில் விளைந்தது என்ற அடையாளம் குவியலில் கரைந்துபோகும். 1990களில்தான் இந்த ஏற்பாடு படிப்படியாகத் தளர்ந்து, விவசாயி தன் கொட்டையைத் தானே விற்க முடிந்தது. என் தாத்தா எவ்வளவு ருசி தெரிந்தவராக இருந்திருந்தாலும் அவருக்குத் தோட்டத்தின் பெயர் கிடைத்திருக்காது.

சரி, கேள்விக்கு வருவோம். தத்துவத்தில் இந்தக் கேள்விக்கென்றே ஒரு காப்பிக் கதை இருக்கிறது. அமெரிக்கத் தத்துவவாதி டேனியல் டென்னட் 1988இல் வெளியிட்ட ‘க்வைனிங் க்வாலியா’ என்ற கட்டுரையில் வருவது. மேக்ஸ்வெல் ஹவுஸ் நிறுவனத்தில் காப்பி ருசி பார்க்கும் வேலையில் சேஸ், சேன்போர்ன் என்று இருவர். (‘சேஸ் அண்ட் சேன்போர்ன்’ என்று போட்டி பிராண்ட் ஒன்று நிஜமாகவே உண்டு. டென்னட்டுக்கு இப்படி விளையாடுவது பிடிக்கும்.) ஆறு வருஷம் கழித்து இருவருக்குமே அந்தக் காப்பி பிடிக்காமல் போகிறது. சேஸ் சொல்கிறார்: “காப்பியின் ருசி அன்று போலவேதான் இன்றும் இருக்கிறது, நான்தான் தேறிவிட்டேன், அந்த ருசி எனக்கு இப்போது பிடிப்பதில்லை.” சேன்போர்ன் சொல்கிறார்: “எனக்கும் பிடிக்கவில்லை, ஆனால் என் விருப்பம் மாறவில்லை. நாக்கில் ஏதோ ஆகிவிட்டது, அந்தப் பழைய ருசி எனக்கு வருவதே இல்லை. வந்தால் இன்றைக்கும் அதைத்தான் விரும்புவேன்.”

இருவரில் யார் சொல்வது சரி என்பதல்ல டென்னட்டின் கேள்வி. இருவரும் நிஜமாகவே இரண்டு வெவ்வேறு விஷயங்களைச் சொல்கிறார்களா என்பதுதான். சேஸ் ‘ருசி அதேதான்’ என்று எதை வைத்துச் சொல்கிறார்? ஆறு வருஷத்துக்கு முந்தைய ருசியின் நினைவை வைத்து. அந்த நினைவு இடையில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்திருந்தால் அவருக்கு எப்படித் தெரியும்? சேன்போர்னுக்கும் அதே சிக்கல். உள்ளே திரும்பிப் பார்த்து இதைத் தீர்க்க வழியே இல்லை என்கிறார் டென்னட். இதிலிருந்து, தனக்கு மட்டுமே தெரிகிற, பிழையே வராத ‘உள் அனுபவம்’ என்று ஒன்று கிடையாது என்ற பெரிய முடிவுக்கு அவர் போகிறார். அவ்வளவு தூரம் நான் போகத் தயாரில்லை. ஆனால் பாதி வழிக்குப் போகாமல் இருக்கவும் முடியவில்லை.

மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் பழக்கமானது. ஒரு நிரலின் பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் ஒப்பிட வேண்டுமென்றால் இரண்டையும் ஒரே கருவியால் அளக்க வேண்டும். இங்கே பிரச்சினை, பழைய காப்பி அப்படியே கிடைக்கிறது, அதே கடை, அதே விகிதம். அளக்கும் கருவிதான் மாறிவிட்டது. பழைய கருவியின் நகல் எங்கும் எடுத்து வைக்கப்படவில்லை. பழைய அளவீடுகள் மட்டும் இருக்கின்றன: ‘நல்லாருக்கு’, ‘ரொம்ப நல்லாருக்கு’, ‘இன்னிக்கு டிகாக்‌ஷன் தண்ணியா இருக்கு’.

ஆனால் எல்லாவற்றையும் இப்படிக் கைகழுவிவிட முடியாது. சில விஷயங்களை வெளியிலிருந்து சோதிக்கலாம். டேவிட் ஹியூம் ருசியின் அளவுகோல் பற்றி 1757இல் எழுதிய கட்டுரையில் டான் கிஹோட்டே கதையிலிருந்து ஒரு சம்பவத்தை எடுத்தாள்கிறார். சாஞ்சோவின் உறவினர்கள் இருவரை ஒரு பீப்பாய் ஒயினை ருசி பார்க்கச் சொல்கிறார்கள். நல்ல ஒயின், லேசாகத் தோல் வாடை என்கிறார் ஒருவர். நல்ல ஒயின், லேசாக இரும்பு வாடை என்கிறார் மற்றவர். ஊரே சிரிக்கிறது. பீப்பாய் காலியானதும் அடியில் தோல்வார் கட்டிய பழைய சாவி ஒன்று கிடக்கிறது. நுட்பமான நாக்கு என்பது கற்பனை இல்லை, அது கண்டுபிடிக்கிற சாவி பீப்பாய்க்குள் நிஜமாகவே கிடக்கிறது என்பது ஹியூமின் வாதம்.

காப்பிக்காரர்களிடமும் அந்த மாதிரி ஒரு சோதனை இருக்கிறது. மூன்று கோப்பை வைப்பார்கள், இரண்டில் ஒரே காப்பி, ஒன்றில் வேறு. எது வேறு என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். எது பிடிக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. இதை வீட்டில் செய்து பார்த்தோம். ஒரே தோட்டத்துக் கொட்டை. ஒரு பை வறுத்து ஒன்பது நாள் ஆனது, இன்னொன்று பிரித்துவிட்டு மறந்துபோய் அலமாரியில் நான்கு மாதம் கிடந்தது. பத்துச் சுற்று. வெறும் ஊகத்தில் பத்துக்கு ஏழோ அதற்கு மேலோ சரியாக வர 100இல் 2 வாய்ப்புதான் என்பதால், ஏழு வந்தால் நாக்கு வேலை செய்கிறது என்று கொள்ளலாம். எனக்கு ஏழு. ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவுக்கு எட்டு.

பால் ஊற்றாத காப்பியை ஒவ்வொரு வாயும் மருந்து மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் குடித்தாள். ஆனால் பதில் தயங்காமல் வந்தது. “இது ரெண்டும் ஒண்ணு. இதுல சிக்கு வாடை வருது, பழைய கடலைல வருமே அது மாதிரி.” சரியாகச் சொன்னால், கொட்டையில் உள்ள எண்ணெய் காற்றுப்பட்டுக் கெடுகிற வாடை அது. எனக்கு அது ‘மந்தமாக இருக்கிறது’ என்று மட்டும்தான் பட்டிருந்தது. முடிந்ததும், இந்த ரெண்டுல உனக்கு எது பிடிச்சிருக்கும்மா என்று கேட்டேன். “புதுசு தேவலைதான். எலுமிச்சம்பழத் தண்ணி மாதிரி இருக்கு. நம்ம காப்பியப் போடட்டுமாடா?” நம்ம காப்பி என்றால் எழுபதுக்கு முப்பது, சிக்கரி கலந்தது.

இங்கேதான் ஜான் ஸ்டூவர்ட் மில்லை அழைக்க வேண்டியிருக்கிறது. இன்பங்களில் உயர்ந்தது, தாழ்ந்தது உண்டு என்று 1861இல் அவர் எழுதினார். அதைத் தீர்மானிப்பது யார்? இரண்டையும் அனுபவித்து அறிந்தவர்கள். அவர்களில் பெரும்பாலோர் எதைத் தேர்ந்தெடுக்கிறார்களோ அது உயர்ந்தது. ‘ஒரு மாசம் குடிச்சுப் பாரு’ என்று சொல்கிற நண்பர்கள் எல்லோரும் அறியாமலே மில்லின் சீடர்கள். ஆனால் அம்மா இரண்டையும் அறிந்தவள்; எண்களின்படி என்னைவிட நுட்பமாக அறிந்தவள். அவள் போய்ப் பழையதை எடுத்துக்கொண்டாள்.

இப்படி யாராவது கேட்பார்கள் என்று மில்லுக்குத் தெரியும். உயர்ந்ததை அறிந்தும் தாழ்ந்ததுக்குப் போகிறவர்கள், உயர்ந்ததை அனுபவிக்கும் திறனை ஏற்கனவே இழந்துவிட்டவர்கள் என்கிறார். அந்தத் திறன் ஒரு மென்மையான செடி, பராமரிக்காவிட்டால் வாடிவிடும் என்கிறார். எனக்கு இந்த இடம் எப்போதும் ஏமாற்று வேலையாகவே படுகிறது. நீதிபதி நமக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னால் தகுதியுள்ளவர், பாதகமாகச் சொன்னால் தகுதி இழந்தவர். ஒரு பேச்சுக்கு அந்தச் செடி உவமையை ஏற்றுக்கொண்டாலும், அது திரும்பி நம்மையே கேட்கும். வாடிப்போனது எந்தச் செடி? எழுபதுக்கு முப்பது காப்பியில் கிடைத்த முழு மகிழ்ச்சியை இன்று பெற முடியாதவன் நான்தானே? இழந்தவர் தகுதியற்றவர் என்றால் அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல எனக்கு ஏது தகுதி? ஒன்றைக் கற்றுக்கொள்வது இன்னொன்றை அழிக்குமானால், ‘இரண்டையும் அறிந்தவர்’ என்று ஒருவர் ஒரே சமயத்தில் இருக்கவே முடியாது. முதலில் அதை அறிந்து, பிறகு இதை அறிந்து, அதை மறந்தவர்தான் இருக்கிறார்.

ஆக, கண்டறிவது வேறு, விரும்புவது வேறு. முன்னதில் சாவி இருக்கிறது. சிக்கு வாடை, பூச்சி அரித்த கொட்டை, கருகல், வேகாத பச்சை வாடை எல்லாம் பீப்பாயின் அடியில் கிடப்பவை. காப்பிக்கு 100க்கு மதிப்பெண் போட்டு, 80க்கு மேல் வந்தால் ‘ஸ்பெஷாலிட்டி’ என்று முத்திரை குத்தும் முறையில் பெரும்பகுதி இதைத்தான் செய்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். பின்னதில் சாவி ஏதும் கிடையாது. தகராறு எல்லாம், பின்னதைப் பற்றிப் பேசும்போது முன்னதன் அதிகாரத்தைக் கடன் வாங்குவதால் வருகிறது.

முன்னதிலும் கூட எது குறை, எது குணம் என்ற கோடு அவ்வப்போது நகர்கிறது. மான்சூன்ட் மலபாரை எடுத்துக்கொள்ளுங்கள். பாய்மரக் கப்பல் காலத்தில் மலபார்க் கரையிலிருந்து ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி ஐரோப்பா போய்ச்சேர மாதக்கணக்கு ஆகும். கப்பலின் அடித்தளத்தில் கடலின் ஈரக்காற்று பட்டுப் பட்டுப் பச்சைக் கொட்டை உப்பி, வெளிறி, மஞ்சளாகி, புளிப்பெல்லாம் போய் ஒரு மண்வாசனையோடு இறங்கும். கண்டிப்பான கணக்கில் அது கெட்டுப்போன சரக்கு. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்து, நீராவிக் கப்பலும் வந்தபின் கொட்டை கெடாமல் சீக்கிரம் போய்ச் சேர்ந்தது. ஐரோப்பியர்களுக்கு அது பிடிக்கவில்லை, பழைய மாதிரி இல்லையே என்றார்கள். அதனால் மங்களூர்ப் பக்கத்துக் கிடங்குகளில் தென்மேற்குப் பருவக்காற்றில் கொட்டையைப் பரப்பி, கிளறி, அந்தப் பயணத்தையே கரையில் வைத்து நடத்தத் தொடங்கினார்கள். இன்று அதற்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. கெட்டுப்போனதன் பெயர் இப்போது ருசி. சிக்கரிக்கு இப்படி ஒரு கப்பல் கதை வாய்க்கவில்லை. ஐரோப்பாவில் காப்பி கிடைக்காத காலத்தில் பதிலியாகப் பரவிய கிழங்கு என்ற கதைதான் அதற்கு வாய்த்தது. டிகாக்‌ஷனுக்கு அது தரும் கனத்தையும் கருமையையும், பால் ஊற்றினாலும் அமுங்காத தன்மையையும் யாரும் பையில் அச்சடிப்பதில்லை. 49 சதவீதத்துக்கு மேல் கலக்கக் கூடாது என்ற சட்டவிதிக்கு உட்பட்டு, எத்தனை சதவீதம் கலந்திருக்கிறது என்பதைத்தான் அச்சடிக்கிறார்கள்.

அந்த மூன்று சொற்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ருசியை விவரிக்க உலகம் முழுக்கப் பயன்படும் வண்ணச்சக்கரம் ஒன்று உண்டு, 2016இல் திருத்தி வெளியிட்டது. அதில் ப்ளூபெரி உண்டு, ராஸ்பெரி உண்டு, மேப்பிள் பாகு உண்டு. பலாப்பழம் கிடையாது. நாவல், இலந்தை, நன்னாரி எதுவும் கிடையாது. பழத்தோடு காயவைத்த ஒரு கொட்டையைக் குடித்துவிட்டு ‘ப்ளூபெரி’ என்று நான் சொன்னபோது என் வாழ்க்கையில் அதுவரை நான் ப்ளூபெரி தின்றதில்லை. மற்றவர்கள் அதை அப்படிச் சொல்வார்கள் என்று மட்டும் தெரிந்திருந்தது. பிறகு ஒரு நாள் கடையில் வாங்கித் தின்று பார்த்தேன். சரிதான், கொஞ்சம் காப்பி மாதிரி இருந்தது. (அதே பையில் தோட்டத்தின் உயரம் மீட்டரில் இருக்கிறது, செடியின் வம்சாவளி இருக்கிறது. பழம் பறித்தவருக்கு நாள்கூலி என்ன என்பது நான் பார்த்த எந்தப் பையிலும் இல்லை. தெரிந்துகொள்ளும் ஆசைக்கும் ஓர் எல்லை வைத்துத்தான் அச்சடிக்கிறார்கள்.)

இதெல்லாம் நாக்கோடு போகிற விஷயம், அவரவர் காசு, அவரவர் ருசி, இதில் அறக்கேள்வி எங்கே வருகிறது என்று கேட்கலாம். எனக்கு அது ‘இறங்க மாட்டேங்குது’ என்பதன் அடுத்த வாக்கியத்தில் வருகிறது. “அதனால வெளியில காப்பி குடிக்கிறதையே விட்டுட்டேன்.”

இந்த வாக்கியம் தமிழுக்குப் புதிதல்ல. வேறு காரணத்துக்காக நூறு வருஷம் இங்கே சொல்லப்பட்ட வாக்கியம். ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ கட்டுரையைப் படித்தவர்களுக்குத் தெரியும்: நீராகாரம் குடித்துக்கொண்டிருந்த சமூகத்துக்குள் காப்பி வந்தபோது அது கள்ளைவிடக் கொடிய பழக்கம் என்று அலறியவர்கள் உண்டு, பிறகு அதே காப்பி நடுத்தர வர்க்கத்தின் அடையாளமாயிற்று. காப்பி மேலே, டீ கீழே என்று வர்க்கக் கோடும் விழுந்தது. காப்பி கிளப்பில் யார் எங்கே உட்காரலாம் என்பதில் சாதிக் கோடு. ‘பிராமணாள்’ என்று உணவகப் பலகையில் எழுதியதை எதிர்த்துப் பெரியார் 1957இல் போராட்டமே நடத்த வேண்டியிருந்தது. கிராமத்து டீக்கடையில் இரட்டைக் குவளை. ‘நாங்க வெளியில காப்பி சாப்பிடறதில்லை’ என்று ஒருவர் ஒரு வீட்டுத் திண்ணையில் சொன்னால், கேட்டவருக்கு அதன் பொருள் முழுசாகப் புரியும். விளக்கம் கேட்கத் தேவையிருந்ததில்லை.

என் நண்பன் சொல்வதும் அவர்கள் சொன்னதும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அவன் மறுப்பது பண்டத்தை, அவர்கள் மறுத்தது கையை. காரணம் வேறு, அதனால் குற்றமும் வேறு. ஆனால் டம்ளரை நீட்டிக்கொண்டு நிற்கிறவரின் பக்கம் இருந்து பார்க்கும்போது அந்த வேறுபாடு அவ்வளவு சுத்தமாகத் தெரிவதில்லை. அவருக்குத் தெரிவது, தான் போட்ட காப்பியை இவர் குடிக்க மாட்டார் என்பது. அதுவும் சில வீடுகளில், முன்பே அந்த மறுப்பைக் கேட்டுப் பழகிய வீடுகளில், ‘வறுத்த தேதி’ என்ற விளக்கம் எப்படி எடுபடும்? அவர்கள் நம்ப வேண்டிய அவசியமும் இல்லை.

நண்பனின் பதில் நேர்மையானது. “பிடிக்காததைப் பிடிச்சிருக்குன்னு சொல்லிக் குடிக்கணுமா? அது பொய் இல்லையா?” கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் டம்ளரை வைத்துவிட்டு ‘நல்லாருக்கும்மா’ என்று சொல்வது ருசியைப் பற்றிய அறிக்கை என்று யார் சொன்னது? வண்ணச்சக்கரத்தில் இடம் குறித்துத் தரச் சொல்லி யாரும் காப்பி கொடுப்பதில்லை. அது அறிக்கையாக இருந்தால்தான் பொய்யாக முடியும். சேஸும் சேன்போர்னும் தங்களுக்கே தெரியாத ஒன்றைப் பற்றி எவ்வளவு உறுதியாகப் பேசினார்கள் என்று பார்த்தோம். தன் ருசியின் உண்மைநிலை பற்றி அவ்வளவு கொஞ்சமே தெரிந்த ஒருவன், அந்த உண்மைக்காக ஒரு வீட்டின் உபசாரத்தைத் திருப்பி அனுப்புவது, நேர்மையின் பெயரால் நடந்தாலும், எனக்குச் சரியாகப் படவில்லை. கேட்டால் சொல்லலாம்: கொட்டை பழசு, கடையை மாற்றுங்கள் என்று. அது சாவி, சொல்லத் தக்கது. கேட்காமல் சொல்வது வேறு.

அப்படியானால் கற்றுக்கொள்ளாமலே இருந்திருக்கலாமா? இதற்கும் ஆமாம் என்று சொல்ல மாட்டேன். நாவல்பழ வாசனையோடு ஒரு காப்பி இருக்க முடியும் என்று தெரிந்த காலைப்பொழுது எனக்கு வேண்டும். ஏற்காட்டில் ஒரு விவசாயி பழுத்ததை மட்டும் பொறுக்கிப் பறித்து, கிளறிக் கிளறி மூன்று வாரம் உலர்த்திய உழைப்பு, அதைக் கண்டறிய ஒரு நாக்கு இல்லாமல் போனால் வீண்தான். ஆனால் அதற்குக் கொடுத்த விலையில் கால் கிலோவுக்கு 500, 600 ரூபாய் என்பது சின்னப் பகுதி. மீதி, பலரோடு பகிர்ந்துகொண்டிருந்த ஒரு மகிழ்ச்சி. என் பங்கை மட்டும் தனியாகப் பிரித்து எடுத்து விற்றுவிட்டேன். அது எனக்கு மட்டும் சொந்தமானதா என்பதில்தான் சந்தேகம். கொட்டை வாங்கும்போது யாரும் இதை விலைப்பட்டியலில் போடுவதில்லை. போட முடியாது, வாங்கி முடித்த பிறகுதான் தெரியும்.

போன பொங்கலுக்கு அடுத்த வாரம் ஒட்டன்சத்திரம் தாண்டி, கூட வேலை பார்ப்பவரின் சொந்த ஊருக்குப் போயிருந்தோம். அவருடைய அத்தை காப்பி கொண்டுவந்தார். கருப்பட்டி போட்டது, பால் குறைவு, எவர்சில்வர் டம்ளர் விளிம்புவரை. முதல் வாயிலேயே உள்ளே அறிக்கை எழுதத் தொடங்கிவிட்டது: ரோபஸ்டா, கறுப்பு வறுவல், பொடி பிரித்து ரொம்ப நாளாகியிருக்கிறது, கொதிக்கவிட்டிருக்கிறார்கள். அதை நிறுத்தும் பொத்தான் என்னிடம் இல்லை. இரண்டாவது வாயிலும் அதேதான். அதற்குள் அத்தை, சென்னையில் தண்ணீர் எப்படி, வாடகை எவ்வளவு, அம்மாவுக்கு மூட்டுவலி இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். பதில் சொல்லிக்கொண்டே குடித்தேன். எந்த வாயில் அந்த அறிக்கை நின்றது என்று தெரியவில்லை. டம்ளர் காலியாகியிருந்தது. ருசி மாறியதா, நான் கவனிப்பதை விட்டேனா என்று பிறகு பஸ்ஸில் யோசித்துப் பார்த்தேன், சேஸாகவும் சேன்போர்னாகவும் மாறி மாறி. “இன்னும் கொஞ்சம் ஊத்தவா தம்பி?” என்று அவர் கேட்டபோது, அரை டம்ளர் போதும் அத்தை என்று சொன்னது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.